ஓட்டுநரின் தோளில் பூத்தது

பேருந்து ஓட்டுநரின் இடது தோளில் செடி முளைத்தது, அந்த ஊரில் முதல் பனி விழுந்த வாரத்தில். பருவென்று நினைத்துக் களிம்பு தடவினார்கள். களிம்பு ஒத்துக்கொண்டதோ என்னவோ, அது சட்டைக் காலரை விலக்கிக்கொண்டு இரண்டு இலைகளோடு எட்டிப் பார்த்தது. அவர் மனைவி துணி திருத்தும் கடையில் தையல் வேலை பார்ப்பவள். கை சுருக்குவதும் இடுப்புப் பிடிப்பதும் அவளுக்குத் தூக்கத்திலும் வரும். வீட்டிலிருந்த எல்லாச் சட்டைகளிலும் இடது தோள் தையலைப் பிரித்து, பிசிறில்லாமல் ஓரம் மடித்து, செடிக்கு வழி விட்டாள். ஓட்டுநர் வழக்கம்போல் வண்டி எடுத்தார். பயணிகள் இரண்டொரு நாள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு அவரவர் கைபேசியைப் பார்க்கப் போய்விட்டார்கள். பணிமனை மேற்பார்வையாளர் இலை பக்கக் கண்ணாடியை மறைக்கிறதா என்று ஏறி உட்கார்ந்து சோதித்தார். மறைக்கவில்லை என்றதும், அவர் பங்குக்கு அந்த விஷயம் முடிந்தது.

சொந்தக்காரர்களுக்குத்தான் முடியவில்லை. படம் அனுப்பியதும் கடல் தாண்டி ஆளுக்கொரு பெயர் வந்தது. நாத்தனார், இது இருமல் தழை, கொதிக்க வைத்துக் கொடு, தம்பியின் நெஞ்சுச் சளியெல்லாம் ஒரே நாளில் இறங்கிவிடும் என்றாள். சின்ன மாமனார், அதைத் தொடவே தொடாதே என்றார், அதைத் தின்ற ஆடு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து நின்றதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னார். இருவருக்கும் சண்டை மூண்டு, குடும்பக் குழுவில் சில நாள் யாரும் யாருக்கும் காலை வணக்கம் போடவில்லை. மனைவி இலையையும் பறிக்கவில்லை, தூக்கத்தையும் பார்க்கவில்லை.

ஏனென்றால் மருத்துவமனையில் எடுத்த படம் அவள் கண்ணிலேயே நின்றது. வேர், நூலோட்டம் போட்டதுபோல் தோலுக்கடியில் ஓடி, தோள்பட்டை எலும்பை ஒரு சுற்றுச் சுற்றி, நுரையீரலின் மேல் நுனியில் போய் நின்றிருந்தது. அறுவை மருத்துவர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். எலும்பில் பாதியையும் நுரையீரலில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் இடது கை அதற்குப்பின் தோளுக்கு மேலே தூக்க வராது என்றார். பேருந்தின் ஸ்டியரிங் சக்கரம் எவ்வளவு பெரிது என்று மனைவிக்குத் தெரியும். செடி இன்னதென்று தெரிந்து, அதனால் கெடுதல் இல்லை என்று ஆகிவிட்டால் கத்தி வைக்க வேண்டியதில்லை என்றும் மருத்துவர் சொன்னார். சொல்லிவிட்டுக் குளிர்காலக் கடைசியில் ஒரு தேதி குறித்தார்.

ஊர்ப் பூங்காவில் ஒரு கண்ணாடிக்கூடம் இருந்தது. மனிதர்கள் மெல்லுகிற, கஷாயம் வைக்கிற, சாயம் காய்ச்சுகிற, புண்ணுக்குக் கட்டுகிற தூர தேசத்துச் செடிகளையெல்லாம் அங்கே கணப்பு வைத்து வளர்த்தார்கள். அதன் பொறுப்பாளரைச் செடியம்மா என்றே எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் ஓட்டுநரை ஸ்டூலில் உட்கார வைத்து, இலையைக் கசக்கி முகர்ந்தார், தண்டின் நாலு பட்டையை விரலால் உருட்டினார், இலையின் அடிப்பக்க ரோமத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பிறகு, இது இரண்டில் ஒன்று என்றார். ஒன்று ஒரு பருவச் செடி. மலைக்காரர்கள் இருமலுக்குக் கொதிக்க வைக்கும் தழை. பூத்து, விதை விட்டு, வேரோடு காய்ந்துவிடும். மற்றது ஆள் இருக்கும்வரை இருக்கும், வேர் மணிக்கட்டுக் கனத்துக்குப் பெருக்கும். இரண்டும் ஒரே அச்சு. பூவின் தொண்டையில் ஊதாப்புள்ளி இருந்தால் முதலாவது, வெறும் வெள்ளையென்றால் இரண்டாவது. பூக்கும்வரை யாராலும் சொல்ல முடியாது. அவரிடமே ஒரு வரிசை பல வருஷமாக நிற்கிறது, ஒன்றுகூடப் பூத்ததில்லை. "சூடு பத்தலன்னு நெனைக்கிறேன். வெயில் நாட்டுச் செடி பாருங்க. இவரை நல்லாக் கதகதப்பா வெச்சுக்கோங்க" என்றார்.

வைத்துக்கொண்டாள். கணப்பை முழுக்கத் திருகினாள், ஜன்னல் இடுக்குகளில் துணி வெட்டின மிச்சங்களைத் திணித்தாள். அவருக்குக் கம்பளிமேல் கம்பளி, தோளுக்கு வெந்நீர்ப் பை, செடியின் கொழுந்துக்குத் தனியாகக் குட்டிக் கம்பளிக் குல்லா. ஓட்டுநர் இஸ்திரி போடும் ஈரத் துணியைப்போல் ஆவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செடி இலை இலையாகத் தள்ளியது, மொட்டு மட்டும் வைக்கவில்லை. அடுத்த படத்தில் வேர் கொஞ்சம் பருத்திருப்பதாகத் தெரிந்தபோது, அவள் இரண்டாவது கணப்பு ஒன்றை இரவல் வாங்கி வந்தாள்.

அறுவைக்கு முந்தின வாரம், விடுமுறை நாள் காலையில், ஓட்டுநர் கம்பளியையெல்லாம் உருவி நாற்காலியில் போட்டார்.

"நீ என்னை வளக்குறியா, செடிய வளக்குறியா?"

"அது பூத்தாத்தானே நீங்க முழுசாக் கெடைப்பீங்க?"

"கை போனாப் போவுது போ. ஒரு மூச்சுக் காத்து வாங்கிக்கிறேன்" என்று உள்பனியனோடு பால்கனிக்குப் போய்விட்டார்.

கை போனால் போகிறது என்றது அவளுக்குச் சுருக்கென்றது. "அங்கயே இருங்க" என்று கதவை அறைந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டு, கடையிலிருந்து கொண்டு வந்திருந்த கால்சட்டைகளை இஸ்திரி போட உட்கார்ந்தாள். கோபம் அவளுக்கு இரண்டு கால்சட்டைக்கு மேல் தாங்காது. எழுந்து போய்த் தாழ்ப்பாளை இழுத்தால் அசையவில்லை. கதவிடுக்கில் வந்த குளிரில், அறையின் ஆவி அதன்மேல் படிந்து உறைந்துவிட்டிருந்தது. வெளியே ஓட்டுநர் கண்ணாடியில் தட்டினார்.

"வர மாட்டேங்குதுங்க."

"வெளையாடாத. பல்லு தந்தியடிக்குது."

அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி வந்து தாழ்ப்பாளின்மேல் வைத்து அழுத்தினாள். பெயின்ட் கொப்பளித்து நாறியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது, செடியின்மேல் உறைபனி உப்புத் தூவியதுபோல் விழுந்திருந்தது. நாமே கொன்றுவிட்டோம் என்று அவள் முடிவுகட்டிய நேரத்தில் தாழ்ப்பாள் வழுக்கியது. கழுத்தைக் கட்டிக்கொண்டு திட்டினாள், திரைச்சீலையைக் கழற்றிப் போர்த்தினாள், செடியை ஏறிட்டுப் பார்க்கவே தைரியமில்லாமல் தேநீர் வைக்கப் போனாள். திரும்பி வரும்போது கணுவுக்குக் கணு மொட்டு இருந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்று விரிந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தது.

"என்ன கலரு?" என்றார் ஓட்டுநர். தன் தோள் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

"பாக்கல."

"ஏன்?"

"பயமா இருக்கு. நிமித்திப் பாக்க மாட்டேன்."

அதனால் செடியம்மாவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் வரும்வரை இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். செடியம்மா பூவை ஒரு விரலால் நிமிர்த்தி உள்ளே பார்த்தார், பூதக்கண்ணாடியை மனைவியிடம் கொடுத்தார். தொண்டையில், பேனா முனையால் தொட்டு வைத்ததுபோல், ஊதாப்புள்ளி. மனைவி சத்தமில்லாமல் அழுதாள். செடியம்மா தையல் இயந்திரத்தின் ஸ்டூலில் உட்கார்ந்து வெகுநேரம் சிரித்தார். "மலைச்செடிங்க. ஒரு பனி விழுந்தாத்தான் பூக்கும். இத்தனை வருஷமா நானும் அதுங்களை அவிச்சுக்கிட்டே இருந்திருக்கேன்" என்றவர், கோட்டை மாட்டிக்கொண்டு, கூடத்தின் மேல் ஜன்னல்களைத் திறக்க ஓடினார்.

மருத்துவர் படத்தை இன்னொரு தடவை பார்த்து, மனமில்லாமல் தேதியை அடித்துவிட்டார். பூக்கள் உதிர்ந்தன, காய்கள் வெடித்தன, இலைகள் சருகாயின. வெயில் திரும்பிய ஒரு காலையில் குளிக்கும்போது, ஓட்டம் போட்ட நூலை உருவினதுபோல் வேர் முழுசாகக் கழன்று வந்தது. தோளில் பித்தான் துளையளவு தடம் இருந்தது, அதுவும் மூடிக்கொண்டது. அன்று மனைவி எண்ணெய் டின்னை மேல் அலமாரியில் வைக்கச் சொன்னாள். வைத்தார். எடுக்கச் சொன்னாள். எடுத்தார். மறுபடி வைக்கச் சொன்னாள். "உனக்கு எண்ணெய் வேணுமா வேணாமா?" என்று கேட்டபடியே அவர் இடது கையைத் தூக்கிக்கொண்டிருந்தார், சமையல் அன்று மதியத்துக்கு மேல்தான் ஆனது.

காய் வெடித்தபோது விதைகள் பேருந்துக்குள்ளும் சிதறியிருந்தன. அடுத்த பனிக்குத் தபால்காரரின் முழங்கையில் முளைத்தது, பள்ளி ஆசிரியை ஒருவருக்குக் காதுக்குப் பின்னால், இரட்டையரில் ஒருவனுக்கு மட்டும் முதுகில். மருத்துவமனையில், தினமும் கொஞ்ச நேரம் வெளியே நில்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். துணி திருத்தும் கடையில் வேலை தலைக்கு மேல் போனது. மனைவி அளவெடுக்கும்போது கை நீளம், மார்பு, செடி என்று ஒரே மூச்சில் கேட்கப் பழகிக்கொண்டாள். நாத்தனார் ஒருவழியாகச் சின்ன மாமனாரோடு பேசினாள், தான் சொன்னதுதான் சரி என்று சொல்லத்தான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், இயந்திரத்தின்மேல் குனிந்திருந்தவளின் பின்கழுத்தில், கொண்டைக்குக் கீழே, ஓட்டுநரின் பார்வை நின்றது.

"ரெண்டு இலை விட்டிருக்கும்மா."

அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கவில்லை. "அந்தப் பால்கனிக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க" என்று சொல்லிவிட்டு, ஓரத்தை மடித்துத் தைத்துக்கொண்டே போனாள்.