மாமியாரின் பெயர்

எட்டுப் பேரும் வண்டியிலிருந்து இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு க்ளெமன்ட்டின் வாயையே பார்த்தார்கள். அந்த வாயோ உலர்ந்துபோயிருந்தது. வண்டி ஓட்டுவதும் ஈட்டி எறிந்து காட்டுவதும்தான் அவன் வேலை. மூன்று வருடமாகப் பேசுவது முழுக்க அவன் மனைவி நொரீன். அவள் பிரசவத்துக்காக டார்வின் நகரத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில், கால் வீங்கிக் கிடக்கிறாள். அது போதாதென்று, வந்த எட்டுப் பேரில் ஒருத்தி சுற்றுலாக் கம்பெனியின் ஜில்லியன். அவளுக்குப் பிடித்துவிட்டால் மழையில்லாத மாதங்களில் வாரம் இரண்டு பஸ் வரும், குடும்பம் ஆஸ்திரேலியாவின் இந்த வடகோடிக் கடற்கரையிலேயே இருந்துவிடலாம். பிடிக்காவிட்டால் டவுனுக்குக் குடிபோவதென்று பேசி முடித்தாயிற்று. பிறக்கப்போகும் பிள்ளை தன் சொந்தக் கடலை லீவுக்கு வந்து பார்க்க வேண்டியதுதான்.

முப்பதடி தள்ளி, அலையாத்தி மரத்தடியில், அவனுக்கு முதுகைக் காட்டி மாமியார் உட்கார்ந்திருந்தாள். சேற்றை ஒரு பார்வை பார்த்தே நண்டு எந்த வளைக்குள் இருக்கிறதென்று சொல்லிவிடுகிற பெண்மணி. வருகிறவர்களுக்கு நண்டு பிடித்துக் காட்டுவது அவள்தான். இருவருக்கும் சண்டையெல்லாம் இல்லை. அவர்கள் பழங்குடி வழக்கப்படி மாமியாரும் மருமகனும் முகம் பார்க்கக் கூடாது, நேரே பேசக் கூடாது, ஒருவர் பெயரை மற்றவர் வாயால் சொல்லவே கூடாது. அவ்வளவு மரியாதை. "உங்கம்மாவச் சாப்பிடச் சொல்லு" என்பான் அவன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "பசியில்லன்னு சொல்லு" என்பாள் அவள். "நான் என்ன டெலிபோன் கம்பியா?" என்று நொரீன் இரண்டு பேரையும் திட்டுவாள்.

முந்தின நாள் போனில், "பயமா இருக்குடி" என்றதற்கு, "நான் பேசுறத ஆயிரம் தடவ கேட்டிருக்கியே, அப்படியே ஒப்பிச்சுடு" என்றிருந்தாள் நொரீன்.

ஒப்பித்தான். ஊருக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள் என்று கடலைப் பார்த்துக் குரல் கொடுத்தான். தண்ணீரை அள்ளி ஒவ்வொருவர் தலையிலும் தேய்த்தான். "இனிமே இந்த மண்ணு உங்கள அடையாளம் வச்சுக்கும். முதலைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல" என்று நொரீனின் நகைச்சுவையையும் விடாமல் சொன்னான். சிரித்தார்கள். ஜில்லியன் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள். அவனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது, நொரீனைப் போலவே கையைக்கூட நீட்டி மரத்தடியைக் காட்டினான்.

"அதோ, அவங்கதான் எங்கம்மா..." என்று தொடங்கி, அடுத்த மூச்சில் பெயரையும் சொல்லிவிட்டான்.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவன் சொன்னதே போதும்.

மாமியார் கையிலிருந்த தோண்டுகோல் சேற்றில் பாதியில் நின்றது. அவள் எழுந்தாள். வாளியை எடுத்துக்கொண்டு, ஒருமுறைகூடத் திரும்பாமல், கரையோரமாக நடந்து தொலைவில் ஒரு பாறையருகே போய் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு, சண்டையா?" என்றாள் ஜில்லியன்.

வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம். அவனுக்கே இரண்டு நண்டு வளை தெரியும். அதைக் காட்டி ஒப்பேற்றியிருக்கலாம். ஆனால், காய்ச்சல் கண்டு தான் படுத்திருந்த ஒரு புயல் நாள் அவனுக்கு நினைவுக்கு வந்தது. அப்போது வீட்டில் இருந்தது ஒரே அறை. அவன் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று, கொட்டும் மழையில், வெளியே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். அவளைப் போய் எட்டுப் பேர் முன்னால் பெயர் சொல்லிக் காட்டியிருக்கிறான். வெட்கத்தில் அவனுக்குக் காது சுட்டது.

"அவங்க பேர நான் சொல்லிட்டேங்க. மருமகன் சொல்லக் கூடாது."

"பேருதானே? போய் ஒரு சாரி சொல்லிக் கூட்டிட்டு வாங்களேன்."

"நான் போகப் போக அவங்க இன்னும் தள்ளித்தான் போவாங்க. நான் போகவே முடியாது."

"அப்போ நண்டு?"

"அவங்க இல்லாம நண்டு இல்ல." சொல்லிவிட்டு ஈட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். பஸ்ஸும் போயிற்று, எல்லாம் போயிற்று என்றுதான் நினைத்தான். இரண்டு முறை குறி தவறியது. மூன்றாவது முறை, முழங்கை நீளத்தில் ஒரு மடவை மீன் அகப்பட்டது. அதைக் கொண்டுவந்து ஜில்லியன் முன்னால் நீட்டினான்.

"நீங்க கொண்டுபோய் அவங்க பக்கத்துல வைங்க. நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க. என் பேரே வேணாம்."

"நானா?" அவள் மீனைப் பார்த்தாள், தன் வெள்ளைச் சட்டையைப் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, நோட்டை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு, துள்ளுகிற மீனை மார்போடு அணைத்துக்கொண்டு ஈர மணலில் நடந்தாள்.

க்ளெமன்ட் அந்தப் பக்கம் பார்க்கக் கூடாதே, முதுகைத் திருப்பிக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். பயணிகளில் வயதானவரான வால்டர் என்பவரிடம், "என்ன நடக்குதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்" என்றான். நாற்பது வருடம் ரயில் ஓட்டியவர் அவர், கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"மீன வச்சாச்சு தம்பி. அவங்க கடலப் பாக்குறாங்க."

"இப்போ?"

"கடலத்தான் பாக்குறாங்க."

வால்டர் தானாகவே சொன்னார்: "இரு, இரு. வயித்த அமுக்கிப் பாக்குறாங்க. அவங்க வயித்த இல்லப்பா, மீன் வயித்த! கொழுப்பு இருக்கான்னு பாக்குறாங்க போல. ஜில்லியன உக்காரச் சொல்றாங்க. சுள்ளி பொறுக்கச் சொல்றாங்க, அதுவும் பொறுக்குது! தம்பி, எங்களையும் வரச் சொல்லிக் கை காட்டுறாங்க. நீயும் வாயேன்."

"எனக்கில்ல அது. நீங்க போங்க."

எல்லோரும் போனார்கள். புகை வந்தது, மடவைக் கொழுப்பு சுடுகிற வாசனை வந்தது, ஜில்லியனின் சிரிப்பு வந்தது. அப்புறம் மாமியாரின் குரல், தேவைக்கு மேல் சத்தமாக, ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்த எட்டுப் பேரிடம் தன் ஊர் மொழியிலேயே பேசுவது கேட்டது.

"மீனு நல்ல மீனுதான். ஈட்டிதான் வாலுகிட்ட போய்க் குத்தியிருக்கு. எறிஞ்சவன் புத்தி இங்க இல்ல, டார்வின்ல இருக்கு. இருக்கட்டும், எனக்கும்தான் மூணு நாளா தூக்கமில்ல. பிள்ளை பொறக்கட்டும். அதுக்கு நண்டு வளை காட்ட ஆளு வேணாமா? நான் எங்கயும் போறதா இல்ல."

பதில் சொல்ல அவனுக்கு வாய் கிடையாது. தலையை ஆட்டினான். அவளுக்கும் தனக்கும் இடையில் ஒரு புதர் மறைக்கிறதோ என்று தோன்றியது. திரும்பிப் பார்க்காமலே, உட்கார்ந்தவாக்கில், புதரைத் தாண்டி வெட்டவெளிக்கு நகர்ந்து, தன் முதுகு அவளுக்கு நன்றாகத் தெரியும்படி நிமிர்ந்துகொண்டு, மறுபடியும் தலையை ஆட்டினான்.