பொம்மியின் வாயிலிருந்து பிடுங்கிய சொல்

காலை பத்து மணிக்கே ஷர்மினி குடிகாரப் பூதமாகிவிட்டாள். ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடி. அங்கே ஒலிப்பதிவு அறையில் மைக் முன்னால் நின்று ஏப்பம் விட்டு, நாக்குக் குழற, "பெரட்டுக்கு நேரமாச்சு, எந்திரிங்க லா" என்று கத்தினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வசந்தன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

போன வருடப் பள்ளி விடுமுறையில் சக்கைப்போடு போட்ட மலாய்க் கார்ட்டூன் படம் ஒன்றைத் தமிழில் பேசவைக்கும் பொறுப்பு அவருடையது. அன்னாசித் தோட்டத்தில் பழம் வெட்டும் பொம்மி என்ற குண்டுப் பெண், பல்லியைக் கண்டாலே ஓடுகிறவள், பூதங்களிடமிருந்து ஒரு நாட்டையே காப்பாற்றும் வேடிக்கைக் கதை. பொம்மிக்குச் செய்தி வாசிப்பாளர் சுகந்தினி ஏற்கனவே பேசி முடித்துவிட்டார். சுத்தமான தமிழ், ஒரு பிசிறு கிடையாது. ஷர்மினியோ பெக்கான் நானாஸில் அன்னாசியை டின்னில் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். குரல் அருமையான குரல்தான், ஆனால் பேச்சு தோட்டத்துப் பேச்சு. அதனால் அவளுக்குப் பூதம்.

படத்தை எழுதி இயக்கிய ரொஹானி அன்றைக்குப் பார்க்க வந்திருந்தார். மலாய்க்காரர் என்றாலும் தமிழ் அவர் காதுக்குப் பழக்கம். முக்கியமான கட்டம் ஓடியது. பயந்து ஒளிந்திருக்கும் ஊராரைச் சண்டைக்குக் கூட்ட, பொம்மி முதல்முறையாகத் துணிந்து தெருவில் நின்று குரல் கொடுக்கும் இடம். "மக்களே, அணிவகுத்து வாருங்கள்" என்றது சுகந்தினியின் குரல். ரொஹானி படத்தை நிறுத்தச் சொன்னார்.

"பெரட்டு எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

மலாய்ப் படத்திலேயே அந்த இடத்தில் பொம்மி 'பெரட்டுக்கு நேரமாச்சு' என்று தமிழில்தானே கத்துகிறாள் என்றார் ரொஹானி. விடியற்காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்க ஆள்களைக் கூட்டும் தோட்டத்துச் சொல் அது. ரொஹானியின் சிறுவயதில் பக்கத்து வீட்டில் இருந்த காளியம்மா பிள்ளைகளை அந்தச் சொல்லால்தான் எழுப்புவாராம். பொம்மியின் நடை, நிறம், பேச்சு எல்லாமே அவரிடமிருந்து எடுத்ததுதான். மலாய்ப் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்தில் இன்று அதைக் கத்தி விளையாடுகிறார்கள். மலாயில் சாதாரணமாகப் பேசும் பூதம் தமிழுக்கு வந்ததும் ஏன் பொம்மி மாதிரிப் பேசுகிறது என்று ரொஹானி கேட்டபோது, குரலில் கோபம்கூட இல்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

அந்தச் சொல்லைப் பொம்மியின் வாயிலிருந்து பிடுங்கிப் பூதத்தின் வாயில் வைத்தது வசந்தனின் கைதான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கதாநாயகி அப்படிப் பேசினால் மரியாதையாக இருக்காது என்று பேனா தானாகவே எழுதிவிட்டது. தமிழ்ச் சுவரொட்டியில் பொம்மியின் நிறத்தைக் கொஞ்சம் வெளுக்கச் சொன்னதும் அவர்தான். இத்தனைக்கும் அவர் குளுவாங் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். இப்படி ஒரு காரியத்தை வேறு எவராவது செய்திருந்தால் பத்திரிகைக்கு எழுதியிருப்பார்.

ஷர்மினியும் ஒன்றும் சொல்லவில்லையே என்று அவள் பக்கம் கையைக் காட்டினார். அவள் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து நின்றிருந்தாள். திட்டியிருந்தாலாவது தாங்கியிருக்கலாம்.

"நான் என்னா சார் சொல்றது? பொம்மி எங்கம்மா மாதிரியேன்னு மலாய்ல பாத்தப்பவே தெரியும். ஆனா நம்ம பேச்சுன்னா சிரிக்கத்தான் கூப்புடுவாங்க. பூதம்னாலும் பரவால்லன்னு வந்தேன்."

வசந்தன் சுகந்தினியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, பொம்மியின் குரலை மாற்றப்போவதாகச் சொன்னார்; தப்பு தன்னுடையது என்று மன்னிப்புக் கேட்டார். பொம்மியின் வசனத்தாள்களை எடுத்து ஷர்மினியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. கதாநாயகி இப்படிப் பேசினால் நம்ம ஆளுங்களே கேவலமாகப் பார்ப்பார்களே என்று பயந்தாள்.

"மத்தவங்க நம்மள நாயகியா வச்சுக் கதை எழுதியிருக்காங்கம்மா. நாமதான் அவள வெளிய தள்ளிட்டு, நம்ம பேச்சக் குடிகாரனுக்குக் கொடுத்துட்டோம். நம்ம வாய்ப் பேச்ச நாமளே கேவலமா நெனச்சா, வேற எவன் மதிப்பான்?" என்று வசந்தன் தாள்களை மறுபடியும் அவளிடம் நீட்டினார்.