வாலாட்டி வந்த வாரம்

வெள்ளிமலை பஸ் நிறுத்தத்தில் சர்பத் கடை வைத்திருந்த சுபைருக்கு இந்த உலகத்திலேயே பிடிக்காத ஜீவன் வாலாட்டிக் குருவிதான். பாம்பைக்கூட மன்னித்துவிடுவான்.

கறுப்பும் வெள்ளையுமாய் வருஷம் முழுக்கத் திரிகிற உள்ளூர் வாலாட்டியோடு அவனுக்கு எந்தச் சண்டையும் கிடையாது. வடக்கேயிருந்து வருகிறதே மஞ்சள் வயிற்று வாலாட்டி, அதுதான் அவன் எதிரி. அது ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் போதும், "பனி வரப்போவுது" என்று சொல்லிவிட்டு ஊரே ஐஸ் போட்டதைத் தொடாது. நேரே எதிர்க்கடைக்குப் போய்விடும். எதிர்க்கடை கொளஞ்சியப்பனுடையது. குரங்குக் குல்லா, கம்பளி, காதுப்பட்டை.

அந்த வருஷம் புரட்டாசிகூட முடியவில்லை. காலை வெயிலே மண்டையைப் பிளந்தது. சுபைர் ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்டுத் திரும்பினால், பெட்டியிலிருந்து ஒழுகிய தண்ணீரில் ஒரு குருவி நின்று வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தது. வயிறு எலுமிச்சை மஞ்சள்.

"அடப்பாவி, என் கடைக்கேவா வந்த?"

எதிரே ஷட்டர் ஏறும் சத்தம். சுபைருக்கு வேறெதுவும் தோன்றவில்லை. லுங்கியை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்துக் குருவியை மறைத்துக்கொண்டு நின்றான்.

"இன்னா பாய், காலங்காத்தால கோழி அடைகாக்கற மாதிரி நிக்கற?" என்றார் கொளஞ்சியப்பன்.

"காத்து வாங்கிக்கினு இருக்கறண்ணே."

குருவி அவன் கால்களுக்கு நடுவே புகுந்து, ரோட்டைக் கடந்து, கொளஞ்சியப்பன் தொங்கவிட்டிருந்த குல்லாச் சரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. கொளஞ்சியப்பன் அதைப் பார்த்தார். முகம் மாப்பிள்ளை முகமாக மாறியது.

"வந்துட்டான்யா! ஊருக்கே சொல்றன், வந்துட்டான்!"

கூட்டம் கூடிவிட்டது. பாதி சர்பத் குடித்திருந்த ஒருவர் மீதியைத் தரையில் கொட்டிவிட்டு, பனி ஏற்கெனவே நெஞ்சில் இறங்கிவிட்டதுபோல் இருமினார்.

சுபைர் விடவில்லை. "அது நம்மூரு குருவிங்க. மில்லுல மஞ்சா அரைக்கறாங்க இல்ல? அதுல பொரண்டுட்டு வந்திருக்குது."

மாவு மில் இருசம்மாள் கையில் முறத்தோடு வந்தாள். "என் மில்லுல குருவி பொரள்ற வரைக்கும் நான் இன்னா பாய் பண்ணிக்கினு இருப்பேன்? நீ வந்து பொரளு, வுடறனா பாரு."

"அப்ப கழுவிப் பாத்துரலாங்க," என்றாள் சுபைரின் மனைவி நௌஷீன், கடைக்குள்ளிருந்து. அவள் கிண்டலாகச் சொன்னாள். அவன் ஹோஸ் பைப்பை எடுத்துவிட்டான்.

குறி பார்த்துப் பீய்ச்சினான். குருவி ஒரு சாண் நகர்ந்தது. கொளஞ்சியப்பன் நனைந்தார். மறுபடி பீய்ச்சினான். குருவி மறுபடி ஒரு சாண் நகர்ந்தது. இருசம்மாளின் முறம் நனைந்தது, குல்லாச் சரம் நனைந்தது, கள்ளக்குறிச்சி பஸ்ஸிலிருந்து அப்போதுதான் இறங்கிய கண்டக்டர் ஏதும் புரியாமல் முழுசாக நனைந்தார். குருவி மட்டும் நனையவில்லை. எல்லாரும் ஓய்ந்த பிறகு அதுவே நிதானமாக நடந்து வந்து, தேங்கிய தண்ணீரில் இறக்கையை அடித்து அடித்துக் குளித்தது. சிலிர்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது மஞ்சள் முன்னைவிடப் பளிச்சென்று இருந்தது.

"போதுமா பாய்?" என்றார் கொளஞ்சியப்பன், தாடியைப் பிழிந்துகொண்டே.

சுபைருக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் வெள்ளிமலையில் பாதித் தலைகள் குல்லாவுக்குள் போய்விட்டன.

ஆனால் பனி வரவில்லை. வெயில்தான் வந்தது, அதுவும் சித்திரையைத் தோற்கடிக்கிற வெயில். குல்லாவைக் கழற்றினால் மானம் போய்விடும். குருவி வந்ததை ஊரே பார்த்தாயிற்று, பனி வருமென்று வாயாலும் சொல்லியாயிற்று. அதனால் எல்லாரும் முகம் தக்காளியாய்ச் சிவக்க, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட, "ஊதக்காத்து ஜாஸ்திதான் இல்ல?" என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு நடந்தார்கள். சர்பத் கடைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. சுபைர் ஈ ஓட்டினான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடையின் பின்கதவை யாரோ சுரண்டினார்கள். நௌஷீன் திறந்தாள். குல்லாவுக்குள்ளிருந்து இரண்டு கண்கள்.

"நௌஷீனு, ஒரு சர்பத்து," என்று கிசுகிசுத்தார் கொளஞ்சியப்பன். "ஐஸ் ஜாஸ்தியா போடும்மா. கிளாஸுல வாணாம், டம்ளர்ல குடு. யாராவது கேட்டா கஷாயம்னு சொல்லு."

"உங்களுக்கே தாங்கலியாண்ணே?" என்றாள் அவள், சிரிப்பை முந்தானையால் அடைத்துக்கொண்டு.

"வாயத் தொறக்காத தாயி. எங்கிட்ட இன்னும் ரெண்டு மூட்டை குல்லா கெடக்குது."

சுபைர் ஓடி வந்து அவனே கலக்கினான். நன்னாரியைத் தாராளமாக ஊற்றினான். கொளஞ்சியப்பன் அண்ணாந்து குடிக்கப்போன நேரத்தில், பின்சந்தில் இருசம்மாள் வந்து நின்றாள். அவள் தலையிலும் குல்லா. நான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கொளஞ்சியப்பன் சட்டென்று டம்ளரைக் கீழிறக்கி, ஐஸ் மிதக்கும் சர்பத்தை உஃப் உஃப் என்று ஊதி ஆற்ற ஆரம்பித்தார்.

"சூடு ஜாஸ்தியாண்ணே?" என்றாள் இருசம்மாள்.

"நாக்கு வெந்துடும் போலக்கீது."

"அப்ப எனக்கும் அதே சூட்டுல ஒண்ணு குடு பாய்," என்று சொல்லி அவளும் படியில் உட்கார்ந்தாள்.