வெடிச் சத்தத்துக்கு நிற்கும் குதிரை

ஆஷூரா பண்டிகை வாரம் முழுவதும் எங்கள் மெக்னேஸ் நகரத் தெருக்களில் பிள்ளைகள் வெடி போடுவார்கள். ஒவ்வொரு வெடிக்கும் காவலன் மீலூதின் குதிரை அத்ஹம் நட்டநடு வழியில் சிலையாகிவிடும். காவல் பணிக்கு முன் அது திருவிழாக் குதிரை. வரிசையாகப் பாய்ந்து, துப்பாக்கிகள் ஒருசேர முழங்கிய கணமே நிற்கப் பழகியது. அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால், சனிக்கிழமை அது நின்ற இடம் என் வீட்டு வாசல். முப்பத்தோராண்டு இலக்கணம் கற்பித்தவன், நாற்பது நிமிடம் ஒரு வாலைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

‘குதிரையைப் பணிநீக்கம் செய்யக் கோரும் மனு’ என்று தலைப்பிட்டு நான்கு பக்கம் எழுதினேன். அதைத் தோற்பையில் வைத்துக் காவல் நிலையம் நோக்கி நடந்தேன். சதுக்கத்தில் மீலூத் குதிரைமேல் இருந்தபடியே மறித்தான்.

"உஸ்தாத், புகார் குடுக்கப் போறீங்களாமே? இன்னொண்ணு போச்சுன்னா இவனை வித்துருவாங்க. என்னைச் சிக்னல்ல நிறுத்திருவாங்க."

"நிற்கிறதுதான் உங்க ரெண்டு பேருக்கும் பழக்கமாச்சே. வழிய விடு!"

அந்நேரம் ஒருவன் என் பையைப் பறித்துக்கொண்டு ஓடினான்.

"பிடி! மனு! என் மனு!" என்று அலறினேன்.

அத்ஹம் பாய்ந்தது. ஆலிவ் கடைக்காரர் கூடையோடு ஒதுங்கினார். திருடனின் சட்டைக்கும் குதிரையின் மூக்குக்கும் இரண்டு முழ இடைவெளி. அப்போது எங்கோ படீரென்றது வெடி.

குதிரை நின்றது. மீலூத் நிற்கவில்லை. அதன் கழுத்தைத் தாண்டிப் பறந்து, திருடனின் முதுகில் முழு எடையோடு இறங்கினான்.

"யப்பா, குதிரை வேணா மிதிக்கட்டும், நீ எழுந்திரு!" என்றான் திருடன்.

கைவிலங்கு மாட்டிவிட்டு மீலூத் பையைத் திறந்தான்; உள்ளே இருப்பதைக் குறிப்பது விதி. நான்கு பக்கத்தையும் உதடசையப் படித்தான். நான் ஆலிவ் கூடையைக் கூர்ந்து நோக்கினேன்.

"உஸ்தாத், ‘வெடிச் சத்தம் கேட்டால் இக்குதிரை ஒருபோதும் தவறாமல் நிற்கிறது’ன்னு தேதியோட எழுதியிருக்கீங்க. தயவுசெஞ்சு இதை நிலையத்துல குடுத்துருங்க. திருடனப் பிடிக்கத்தான் இப்படிப் பழக்கினேன்னு சொன்னா, என் பேச்சை யாரு நம்புவா? உங்க எழுத்த நம்புவாங்க."

பொய்க்கு நான் துணைபோக மாட்டேன். ஆயினும் மனுவில் பொய் ஏதுமில்லை. பேனாவை எடுத்து, தலைப்பில் ‘பணிநீக்கம் செய்யக் கோரும்’ என்பதை அடித்துவிட்டு, ‘பாராட்டும்’ என்று எழுதினேன். மற்றபடி நான்கு பக்கத்திலும் ஓரெழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.