காத்திருக்கும்போது நின்ற மணிக்கூடு

இலங்கையின் றக்வான டவுனில் ஜாபிர் நடத்திய, போன், ஃபேக்ஸ் வசதி தரும் கொமியுனிகேஷன் கடைக்கு மழை நாட்களில் ஆள் வருவது குறைவு. 2004இல் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த பிரேமலதா, சும்மா கிடந்த இரண்டு கம்பியூட்டர்களைக் கேபிளால் இணைத்து, 'தாம்' என்ற கட்டங்களில் காய் வெட்டும் ஆட்டத்தை இருவர் விளையாட ஒரு புரோகிராம் எழுதினாள். வெள்ளைக் காய் அவளுக்கு, கறுப்பு ஜாபிருக்கு. யார் யோசிக்கிறாரோ அவருடைய மணிக்கூடு திரையில் ஓட வேண்டும்.

அதுதான் ஓடவில்லை. அவள் காயை நகர்த்தியதுமே திரையில் எல்லாம் உறைந்துவிடும். ஜாபிர் தன் காயை நகர்த்தினால்தான் உயிர் வரும். அப்போது மணிக்கூடு ஒரே பாய்ச்சலில் முன்னே போய் நிற்கும்.

"என்ன புள்ள, ஒன்ட மெஷினுக்கு மயக்கமா?" என்று எதிர் மேசையிலிருந்து கேட்டார் ஜாபிர்.

"இல்லைங்க நானா. கடைசில நேரத்தைச் சரியாத்தான் காட்டுது. நடுவுல ஏன் தூங்குதுன்னுதான் தெரியல."

மணிக்கூட்டை நகர்த்தும் டைமரை வேகமாக்கிப் பார்த்தாள், பலனில்லை. பிறகு டைமர் அடிக்கும்போதும் மவுஸ் அசையும்போதும் திரையின் ஓரத்தில் ஒரு வரி விழும்படி செய்தாள். வரிகள் மளமளவென்று விழுந்தன. கேபிள் வழியே செய்தி வந்துபோகும் வாசலான சாக்கெட்டில் ஜாபிரின் பதிலுக்குக் காத்திருக்கத் தொடங்கிய கணத்தில் எல்லாமே நின்றன. மவுஸை ஆட்டினாள். ஒரு வரிகூட விழவில்லை.

டைமரையும் மவுஸையும் மாறி மாறிக் கவனித்துக்கொண்டிருப்பது புரோகிராமில் திரும்பத் திரும்ப ஓடும் ஒரே சுற்று. அந்தச் சுற்றையே, பதில் வரும்வரை அசையாதே என்று அவள் கட்டிப்போட்டிருந்தாள். அப்புறம் மணிக்கூட்டை யார் பார்ப்பது?

"நானா, டைமர்ல பிழை இல்லீங்க! நான்தான் அதுக்கு வழி விடல."

புரோகிராமில் காத்திருக்கச் சொன்ன வரியை அழித்தாள். சாக்கெட்டையும் அதே சுற்றிடம் ஒப்படைத்தாள்: ஏதாவது வந்தால் மட்டும் கூப்பிடு, வந்ததை வாசித்துவிட்டு உடனே திரும்பிப் போ.

இந்தத் தடவை ஜாபிர் யோசிக்க யோசிக்க மணிக்கூடு ஓடியது. பதறிப்போய் அவர் தவறான காயைத் தள்ள, அவள் இரண்டை வெட்டினாள். அவர் மறுபடி யோசனையில் மூழ்கியபோது கேபிளை மெல்லக் கழற்றினாள். மணிக்கூடு தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன் கழட்டின?"

"சும்மா பாக்கத்தான். நீங்க யோசிக்கிறீங்களா, இல்ல அந்தப் பக்கம் ஆளே இல்லையான்னு இதுக்குத் தெரியல பாருங்க."

"நான் இங்கதானே இருக்கன்?"

"எனக்குத் தெரியுது. இதுக்கு?"

டைமர் அடிக்கும்போதெல்லாம் இரு பக்கமும் 'இருக்கிறேன்' என்று சாக்கெட்டில் சொல்ல வேண்டும். சற்று நேரம் அது கேட்காவிட்டால் மணிக்கூட்டை நிறுத்த வேண்டும். அப்படியே எழுதி, 'இருக்கிறேன்' வரும்போதெல்லாம் திரையின் ஓரத்தில் ஒரு வரி விழும்படியும் செய்தாள். இப்போது கேபிளைச் செருகிவிட்டு மறுபடி கழற்றியதும் 'தொடர்பு இல்லை' என்று காட்டி மணிக்கூடு நின்றது.

ஜாபிருக்கு ஆசை தாங்கவில்லை. தானே எழுந்து வந்து கேபிளைச் செருகினார். சிறிது நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, வராமல் போயிருந்த 'இருக்கிறேன்'கள் அத்தனையும் திரையின் ஓரத்தில் ஒரே மூச்சில் வந்து கொட்டின.

"அல்லாஹ்! இதெல்லாம் எங்க இருந்திச்சு?"

பிரேமலதாவுக்கும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, கேபிளை மறுபடி கழற்றினாள்.