முதல் வாளி

என் வீட்டுக்காரர் செல்லப்பா நல்ல மனுஷன். குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். வாயைத் திறக்கவும் மாட்டார். அந்த வாய் திறக்காத குணத்தால்தான் நான் ஒரு நாள் இருநூறு அடிக் குழிக்குள் இரும்பு வாளியில் தொங்கினேன்.

தேயிலை விலை விழுந்து ஹுன்னஸ்கிரியத் தோட்டத்து பாக்டரியை மூடினார்கள். பாய்லருக்கு விறகு போட்ட அவருக்கும் கொழுந்தெடுத்த எனக்கும் வேலை முடிந்தது என்று பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பினார்கள். நான் பார்த்தே இராத இந்தியா. அந்தப் பயத்தில் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் மடவளை மக்கீன் முதலாளி எங்களை எடுத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்து நீராவி வின்ச்சை அவர் விலைக்கு வாங்கி, கல் உடைக்கிற இடங்களுக்கும் பென்சில் காரீயம் தோண்டுகிற குழிகளுக்கும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு பாய்லர், ஒரு உருளை, அதில் சுற்றிய கம்பிக் கயிறு, கயிற்று நுனியில் நாலு ஆள் நிற்கிற இரும்பு வாளி. அவ்வளவுதான் வின்ச்.

"ஆளோட வேணுமா, ஆளில்லாமயா?" யார் வந்தாலும் முதலாளி முதலில் இதைத்தான் கேட்பார். ஆளோடு என்றால் யாழ்ப்பாணத்துச் சுந்தரலிங்கம் போவார். ஓட்டுவது அவர், தீப் போடுவது என் வீட்டுக்காரர், இருவருக்கும் சோறாக்குவது நான்.

முப்பத்தைந்தாம் வருஷத்துத் தை மாதம். ஊரெல்லாம் மலேரியா. பிலிமத்தலாவைக்கு உள்ளே நாலு மைலில் ஒரு காரீயக் குழி. அங்கே வாளியை ஏற்றி இறக்கும் கைராட்டினம் சுற்ற எட்டுப் பேர் வேண்டும். எட்டில் ஐந்து பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். அதனால் வின்ச் கேட்டு வந்தார்கள். ஆளோடு வேண்டும் என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்கள். புறப்படுகிற அன்றைக்குப் பார்த்து சுந்தரலிங்கத்துக்கும் நடுக்கம் கண்டுவிட்டது. மூன்று சாக்கைப் போர்த்தியும் பல் தந்தியடித்தது.

முதலாளி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "மூணு வருஷமா அவரோடதானே நிக்கிற? நீயே போ. கேட்டா நாந்தான் டிரைவர்ன்டு சொல்லு. ஏலாதுன்டா இப்பவே சொல்லிப் போடு, வேற ஆள் பாப்பம்."

ஏலாது என்று சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் நின்றார். சாக்குக்குள்ளிருந்து சுந்தரலிங்கம்தான் பேசினார். "தம்பி, ஏத்திறது பெரிய வேலையில்லை. இறக்கேக்கைதான் ஆளைக் கொல்லும். பிரேக்கிலை இருந்து கையை எடுக்காதை."

வழி முழுக்க அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான். "உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

"பாத்திருக்கேன்," என்றார்.

பார்த்திருக்கிறாராம். நானும்தான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலையில் பாய்லர் கொதித்து நீராவி ஏறியது. குழி வாயில் பன்னிரண்டு பேர் தலைப்பாகையும் மெழுகுவர்த்தியுமாக நின்றார்கள். எல்லாரும் சிங்களவர்கள், பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்களுடைய பெண்சாதிமாரும் வந்திருந்தார்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. குழிக்குத் தலைவர் கிரிபண்டா, ஐம்பது வயதிருக்கும். கண்டிக் கடைகளில் மூட்டை தூக்கிய காலத்தில் தமிழ் பழகியவர்.

"டிரைவர் நீதானே?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"எங்கட பழக்கம் ஒன்று இருக்கிறது. மேலே கயிறு பிடிக்கிறவன் கீழே போறவனுக்குச் சொந்தம். தம்பி கீழே போனா அண்ணன் ராட்டினம் சுத்துவான். அப்பத்தான் கை விடாது. நீ வெளி ஆள். அதனாலே உன்ட ஆள் ஒன்று முதல் வாளியில போக வேணும். வந்த பிறகு நாங்க போறது."

"என் ஆளு யாரும் இல்லீங்களே," என்றார் இவர்.

கிரிபண்டா என்னைப் பார்த்தார். "பொம்பிளை குழிக்குள்ளே போறது இல்லை. ஆனா வேறே யார் இருக்கிறது?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். இப்போது சொல்லுவார் என்று நினைத்தேன். நான் டிரைவர் இல்லை, தீப் போடுகிறவன், என் பெண்சாதியை விடுங்கள் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவர் விறகுக் குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானே சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் வேலை போகும், இருக்கிற அறை போகும், அடுத்தது கப்பல்தான். அதோடு, பத்துப் பேருக்கு முன்னால் புருஷனைப் பொய்யன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவரே சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.

காத்துக்கொண்டே வாளிக்குள் காலை வைத்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். எனக்கு ஆழம் நன்றாகத் தெரியும். மணிக்கயிற்றை மூன்று தரம் இழுத்தால் மேலே தூக்குவார்கள் என்று கிரிபண்டா காட்டித் தந்தார். வாளி விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் ஆடியபோதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. சுந்தரலிங்கம் ஒரு நாளும் எடுத்த எடுப்பில் சுமை இறக்க மாட்டார். வெறும் வாளியை இரண்டு தடவை இறக்கி ஏற்றுவார். இரவுப் பனியில் நனைந்த பிரேக்கு உரசிச் சூடேறிக் காய வேண்டும். சோறு கிளறிக்கொண்டே எத்தனை காலை அதைப் பார்த்திருக்கிறேன்! இவர் வெறும் வாளி இறக்கவே இல்லை.

கத்த நினைத்தேன். கத்தினாலும் மணியை இழுத்தாலும் அவருடைய பொய் வெளிப்பட்டுவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன். மேலே வெளிச்சம் ஒரு தட்டளவுக்குச் சுருங்கியது. சுவரிலிருந்து தண்ணீர் சொட்டிப் பிடரியில் விழுந்தது. முருகா முருகா என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

பாதி தூரத்தில் வாளி விழுந்தது.

இறங்கவில்லை, விழுந்தது. வயிறு நெஞ்சுக்கு ஏறியது. எத்தனை அடி என்று தெரியாது. செத்தேன் என்று முழுசாக நினைத்து முடிக்கிற அளவுக்கு நேரம் இருந்தது. பிறகு ஓர் உதறல். உதட்டைக் கடித்து இரத்தம் வந்தது. வாளி அப்படியே நின்று ஆடியது. மேலே இருந்து ஒரு குரலும் இல்லை. அவர் கூப்பிடுவார் என்று காது கொடுத்துக் கேட்டேன். அதன் பிறகு மெல்ல மெல்ல இறங்கி, அடித்தண்ணீரில் தட்டியது. நான் மணிக்கயிற்றை மூன்று தரம் இழுத்தேன். சுந்தரலிங்கம் சொன்னது சரிதான். ஏற்றும்போது ஒன்றும் ஆகவில்லை.

வெளிச்சத்துக்கு வந்ததும் ஆட்கள் கொக்கியால் வாளியைக் கரைக்கு இழுத்தார்கள். என் வீட்டுக்காரரின் முகம் சாம்பலாக இருந்தது. பிரேக்கு வழுக்கியது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. பாய்லர் புகையில் யாரும் கவனிக்கவில்லை.

"ஹரித? சரியா, தங்கச்சி?" என்று கேட்டார் கிரிபண்டா. முதல் நாலு பேர் மெழுகுவர்த்தியைப் பற்றவைத்துக்கொண்டு வாளிக்குப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். அதில் ஒருவன் அந்தக் கைக்குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டு வந்தான்.

என் ஒரு சொல்லில் அந்த நாலு பேரின் உயிர் இருந்தது. அதை நினைத்தபோது குழிக்குள் பட்டதைவிட அதிகமாகப் பயந்தேன்.

"எறங்கு புள்ள," என்றார் என் வீட்டுக்காரர்.

"எறங்க மாட்டேன்."

"அங்கம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீங்க சொன்னாத்தான் எறங்குவேன். இல்லேன்னா நான் இதுக்குள்ளேயே ஒக்காந்திருக்கேன். எவனும் ஏற முடியாது."

இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உதட்டு இரத்தம் ரவிக்கையில் வழிந்தது. அதைப் பார்த்தார். பிரேக்கைக் கட்டி, உருளை சுற்றாதபடி முளையைச் செருகி, நீராவியை அடைத்தார். அதையெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தார்.

"நான் டிரைவர் இல்லீங்க," என்றார். "தீப் போடுறவன். டிரைவருக்குக் காய்ச்ச. நடுவுல பிரேக்கு வழுக்கிருச்சு."

கிரிபண்டா சிங்களத்தில் சொன்னார். மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அடிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் கை ஓங்கவில்லை. குழந்தைக்காரி மட்டும் தன் புருஷனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

கிரிபண்டா எனக்குக் கை கொடுத்து வாளியிலிருந்து இறக்கினார்.

"உனக்குத் தெரியும்தானே, இவன் டிரைவர் இல்லை என்று?"

"தெரியும்."

"தெரிஞ்சும் என்னத்துக்கு ஏறினது?"

என் வீட்டுக்காரர் காதில் விழட்டும் என்றே உரக்கச் சொன்னேன்.

"நான் கால வைக்கிறதுக்குள்ள சொல்லிருவாருன்னு நெனச்சேன். அடியில தண்ணி தட்டுற வரைக்கும் அதத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."