பஞ்சு கடித்த மத்தியானம்

வலது கடைவாய்ப் பல் விண்விண்ணென்று தெறித்தது. ஓட்டல் சலவைக்கூடத்து ஆவியில் வலி காதுவரை ஏறும். மாதக்கணக்கில் ஒரே பக்கமாக மென்றதில் இடது தாடையும் ஓய்ந்துபோயிருந்தது. பல் டாக்டரிடம் போக நினைத்தபோதெல்லாம் வீட்டில் யாருக்காவது ஏதாவது வந்துவிடும். மகனுக்குப் பரீட்சை, மாமியாருக்குக் கண், புருஷனுக்கு இடுப்புப் பிடிப்பு. அவள் பல்லுக்கு மட்டும் வலி மாத்திரை.

படுக்கை விரிப்பு மடிப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். அவளுக்கு ஜோடி, உயரத்தால் எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவள். அப்படிச் சேர்க்க வந்தபோதுதான் நெட்டை அவளுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்தாள்.

"என்னக்கா, ஒரு பக்கம் மட்டும் சதை போட்டிருக்க?"

"ஞாயித்துக்கிழமை காட்டிக்கலாம்டி."

"எந்த வருஷத்து ஞாயித்துக்கிழமை? இப்பவே கிளம்பு."

"நான் போனா நீ யாரோட மடிப்ப?"

நெட்டை விரிப்பின் இரண்டு முனைகளைச் சுவர்க் கொக்கிகளில் மாட்டி இழுத்துப் பார்த்தாள். "இதோட. உன்னைவிடக் கெட்டியாப் பிடிக்குது. மாமியார் கதையும் சொல்லாது."

"சூப்பர்வைசர் கேட்டா?"

"கக்கூஸ்ல இருக்கான்னு சொல்றேன்."

"மத்தியானம் பூராவுமா?"

"உன் வயித்துக்கு நான் என்ன பண்றது?"

டாக்டர் பல்லைப் பிடுங்கி, அந்தக் குழியில் பஞ்சை அழுத்தினார். "ஒரு மணி நேரம் நல்லா கடிச்சுக்கணும். பேசக் கூடாது, குனிஞ்சு வேலை செய்யக் கூடாது."

மாற்றுப் பஞ்சுப் பொட்டலத்தோடு வீடு வந்து, எல்லோரும் உட்காரும், அவள் மட்டும் துடைக்கும் நாற்காலியில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.

"என் நீலச் சட்டை எங்க?" என்றான் புருஷன்.

அவள் வாயைத் தொட்டுக் காட்டினாள். அவன் அலமாரியை உருட்டிப் புரட்டிவிட்டு, கடைசியில் கதவுக்குப் பின்னால் தான் மாட்டிய இடத்திலேயே சட்டையைக் கண்டுபிடித்தான்.

"பசிக்குதும்மா" என்று மகன் வந்து நின்றான். இப்போது மாமியார் திட்டப்போகிறாள் என்று அவள் எழப்பார்த்தாள்.

"அவளுக்கு வாய்தான்டா பூட்டியிருக்கு. உனக்குக் கை இருக்குல்ல, போய்ப் போட்டுத் தின்னு" என்றாள் கிழவி. பிறகு இவளிடம், "நீ உட்காரு."

ஒரு மணி நேரம் ஆயிற்று. குளியலறைக்குப் போய்ப் பஞ்சைத் துப்பினாள். ரத்தம் நின்றிருந்தது. கண்ணாடியில் ஒரு நிமிஷம் தன்னைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்துப் புதுப் பஞ்சைக் கடித்துக்கொண்டு, திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"இன்னும் முடியலையா?" என்றான் புருஷன்.

இல்லை என்று தலையாட்டினாள். உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். வீடு ஒன்றும் இடிந்து விழவில்லை.

மறுநாள் நெட்டை முழங்காலில் துணி சுற்றி, நொண்டி நொண்டி வந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"கொக்கி பிடிக்கத்தான் செய்யுதுக்கா, எதிர்ல நடந்து வர மாட்டேங்குது. ஒவ்வொரு விரிப்புக்கும் உன் நடையையும் சேர்த்து நானே நடந்தேன். ஏற்கனவே நோகுற முட்டி வேற."

"கிளம்பு. இன்னைக்கு நான் கொக்கியோட மடிக்கிறேன்."

"இன்னைக்கு வேணாம்க்கா, வீட்டுக்கு ஆள் வராங்க. ஞாயித்துக்கிழமை காட்டிக்கலாம்."

இருவரும் முனைகளைப் பிடித்தார்கள். அவள் இரண்டு எட்டு கூடுதலாக வைத்து நெட்டையின் பக்கம் நடந்தாள். அதனால் கணக்குத் தீராது. நெட்டைக்கு அவள் ஒரு மத்தியானம் பாக்கி.